அம்மாவை உரித்து வைத்த விதை

முதுகலை ஆய்வுக்காக நான் வளர்த்த கொழுக்கட்டைப் புல் நாற்றுகளை முதல்முறை பார்க்க வந்த வழிகாட்டி, தட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்மா, தூரைப் பிரிச்சு நட்டுட்டியா?"

"இல்லை சார், விதை போட்டதுதான்" என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

தட்டில் 43 நாற்றுகள். ஒவ்வொன்றும் தனித்தனி விதை. நானே கதிரை உருவி, நானே எண்ணி, ஈரத்தாளில் முளைக்கவைத்து நட்டவை. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. இலையின் அகலம், அடித்தண்டின் நிறம், தூர் கட்டும் வேகம் எல்லாம் அச்சில் வார்த்தது போல இருந்தன. ஒரே ஒரு விதிவிலக்கு: இரண்டாம் வரிசை ஓரத்தில் ஒரு நாற்று மட்டும் இலை தடித்து, கரும்பச்சையாக, மற்றவற்றைவிட ஒரு விரல்கடை உயரமாக நின்றது. ஏதோ களைவிதை கலந்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். எதனாலோ விட்டுவைத்தேன்.

நான் செய்திருந்தது சாதாரணக் கலப்பு. குட்டையான, மெல்லிய இலையுள்ள ஒரு செடி தாய். நெட்டையான, அகன்ற இலையுள்ள இன்னொன்று தந்தை. கொழுக்கட்டைப் புல்லில் சூல்முடிதான் முதலில் வெளியே நீட்டும், மகரந்தப்பை பிறகுதான் வரும். அதனால் மகரந்தப்பைகளைப் பிடுங்கும் வேலை மிச்சம். சரியான காலையில் காகித உறையைக் கழற்றி, தந்தையின் மகரந்தத்தைத் தட்டிவிட்டு, திரும்ப மூடினால் போதும். மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து இதைச் செய்தேன். குட்டை இத்தனை, நெட்டை இத்தனை, இடைப்பட்டது இத்தனை என்று நிரப்புவதற்கு அட்டவணையில் கட்டம்கூடப் போட்டு வைத்திருந்தேன். வந்தது 42 அம்மா.

இந்தப் புல் கருவுறாமலே விதை வைக்கும் என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பாடத்துக்கும் இந்தத் தட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

அபோமிக்சிஸ் என்று அதற்குப் பெயர். பெயரை வைத்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் விங்க்ளர், 1908ல். ஆனால் விஷயம் அதற்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக இருக்கும் ஓர் ஆஸ்திரேலியச் செடியில், லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் பெண். அவை பாட்டுக்கு விதை வைத்துக்கொண்டிருந்ததை ஜான் ஸ்மித் 1841ல் எழுதிவைத்தார். பட்டாணியில் விதிகளைக் கண்டுபிடித்த மெண்டலும் அடுத்ததாக ஹீராசியம் என்ற செடியைக் கையில் எடுத்து, கலப்பின் பிள்ளைகள் பட்டாணி மாதிரிப் பிரியவே இல்லை என்று குழம்பி, தாவரவியலாளர் நெகேலிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அந்தச் செடியும் அபோமிக்சிஸ் செய்வதுதான் என்று பின்னால் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலுக்கு அளவே இல்லை.

சரி, தட்டுக்கு வருவோம். அந்த 42 அம்மாக்கள் எப்படி வந்தார்கள்?

பூவுக்குள் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பூக்கும் தறுவாயில் இருக்கும் கதிரை வெட்டி, பதப்படுத்தி, ஒவ்வொரு சூலகத்தையும் ஊசிமுனையால் பிரித்து, படிப்படியாக ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, கடைசியில் மீதைல் சாலிசிலேட்டில் ஊறவைக்க வேண்டும். மூட்டுவலித் தைலத்தின் வாசனைக்குக் காரணமே அந்தத் திரவம்தான். அந்த இரண்டு மாதம் நான் போன இடமெல்லாம் யாரோ ஒருவர் "முதுகு வலியா?" என்று கேட்டார். அதில் ஊறிய சூலகம் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். நுண்ணோக்கியின் குவியத்தை மெதுவாகத் திருகினால், வெட்டாமல் கொள்ளாமல், அடுக்கடுக்காக உள்ளே இறங்கிப் பார்க்கலாம்.

பாலினமுறையில் விதை வைக்கும் புல்லில் காட்சி ஒழுங்காக இருக்கும். சூலுக்குள் ஒரே ஒரு தாய் செல் குன்றல் பகுப்பு, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பு, அடைந்து நான்காகும். மூன்று அழியும், மிஞ்சியது வளர்ந்து ஒரு கருப்பை ஆகும். அதன் வாசல் பக்கம் முட்டை, நடுவில் இரண்டு துருவ உட்கரு, பின்புறம் எதிரடிச் செல்கள். புற்களில் இந்த எதிரடிச் செல்கள் மேலும் மேலும் பகுந்து திராட்சைக் கொத்து மாதிரிக் குவிந்து கிடக்கும். கண்ணுக்கு முதலில் படுவதே அதுதான்.

என் தாய்ச்செடியின் சூலில் அந்தக் கொத்தைக் காணவே காணோம். தாய் செல் குன்றல் பகுப்பைத் தொடங்கியிருக்கிறது, நான்கும் சுருங்கிக் கறையாகிக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றியிருந்த சூல்திசு செல்கள், அதாவது வெறும் உடல் செல்கள், இலையிலும் தண்டிலும் இருக்கும் சாதாரண செல்களுக்கு உறவுமுறை ஆனவை, ஊதிப் பெருத்து, ஆளுக்கொரு கருப்பையாக மாறி நிற்கின்றன. ஒரே சூலில் இரண்டு, மூன்று, சிலதில் நான்கு. எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, காலியான வீட்டுக்குள் பங்காளிகள் புகுந்தது போல. ஒவ்வொன்றிலும் நான்கே நான்கு உட்கரு. எதிரடிச் செல் கிடையாது. துருவ உட்கரு இரண்டுக்குப் பதில் ஒன்று.

குன்றல் பகுப்பு நடக்காத செல்லிலிருந்து வந்ததால், இந்த முட்டையில் தாயின் 36 குரோமோசோமும் அப்படியே இருக்கின்றன. மகரந்தம் தருவதற்கு எதுவும் பாக்கியில்லை. முட்டை தானாகவே பகுந்து கரு ஆகிவிடும். அந்தக் கரு தாயின் நகல்.

அப்படியானால் மகரந்தமே வேண்டாமா? வேண்டும். எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது.

விதை என்றால் கரு மட்டும் இல்லை. கருவுக்குச் சோறு போடும் கருவூண் திசுவும் சேர்ந்ததுதான் விதை. துருவ உட்கருவோடு மகரந்தத்தின் ஆண் உட்கரு சேர்ந்து உருவாவது அது. அந்தத் திசு பல புற்களில் தாய்ப் பங்கு இரண்டு, தந்தைப் பங்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் சரியாக வளரும். மக்காச்சோளம் இதில் மகா கறார். விகிதம் பிசகினால் மணி சப்பிப்போகும். பாலினமுறையில் இது இயல்பாக அமைகிறது: 36 குரோமோசோம் உள்ள செடியில் துருவ உட்கரு ஒவ்வொன்றிலும் 18, இரண்டும் சேர்ந்து 36, வரும் ஆண் உட்கரு 18. இரண்டுக்கு ஒன்று. இப்போது என் புல்லைப் பாருங்கள். துருவ உட்கருவில் குன்றாத 36. அது இரண்டாக இருந்திருந்தால் 72க்கு 18, அதாவது நாலுக்கு ஒன்று என்று கணக்கு கெட்டிருக்கும். ஒன்றே ஒன்று இருப்பதால் 36க்கு 18. மறுபடி இரண்டுக்கு ஒன்று! ஆகவே மகரந்தம் வருகிறது, கருவூணுக்கு மட்டும் தந்தையாகிறது, பக்கத்திலேயே வளரும் கருவில் அதற்கு ஒரு பங்கும் இல்லை. மூன்று வாரம் விடியற்காலையில் நான் தட்டிவிட்ட மகரந்தம் எல்லாம் சமையலறையோடு நின்றுவிட்டது.

எல்லாப் புல்லும் இந்தத் தந்திரத்தைக் கையாளவில்லை. பாஸ்பாலம் இனத்தின் பஹியா புல்லில் குன்றாத துருவ உட்கருக்கள் இரண்டு இருக்கின்றன, விகிதம் நாலுக்கு ஒன்று, இருந்தும் விதை நன்றாகவே திரள்கிறது. அதற்கு விகிதத்தைப் பற்றிய கவலையே இல்லை. அதனாலேயே அந்தப் புல்லின் விதையை நசுக்கி டிஎன்ஏ அளவை ஓட்ட அளவி என்ற கருவியில் பார்த்தால் இது நகல் விதையா, பாலினமுறை விதையா என்று சொல்லிவிடலாம். கொழுக்கட்டைப் புல்லின் விதையில் அது செல்லாது. இரண்டு வகை விதையிலும் கரு 36, கருவூண் 54. கருவி ஒரே பதிலைத்தான் சொல்லும். தைல வாசனையோடு நுண்ணோக்கியில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

இனி, இந்தப் பண்பு எப்படிக் கடத்தப்படுகிறது? கேள்வியே தன் காலைத் தானே வாருகிறது. மரபுவழியைக் கண்டுபிடிக்கக் கலப்பு செய்ய வேண்டும், கலப்பைக் கெடுப்பதே அந்தப் பண்பு. தாயாக வைத்தால் நகல்தான் வரும். ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது: ஆண் பக்கம். இந்தச் செடிகளின் மகரந்தத்தில் குன்றல் பகுப்பு ஒழுங்காகவே நடக்கிறது. ஆகவே பாலினமுறையில் விதை வைக்கும் தாய் ஒன்று கிடைத்தால், அபோமிக்சிஸ் செடியைத் தந்தையாக வைத்துக் கலப்பு செய்யலாம்.

அந்தத் தாயைத் தேடுவதற்கே பல வருடம் ஆனது. கொழுக்கட்டைப் புல்லில் பாலினமுறைச் செடி ஒன்று கிடைத்ததை டெக்சாஸில் பஷா என்ற ஆய்வாளர் 1962ல் அறிவித்தார். கினியாப் புல்லுக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டியிருந்தது. உலகம் முழுக்கப் பரவியது 32 குரோமோசோம் உள்ள, நகல் விதை வைக்கும் கினியாப் புல். அதன் தாய்மண்ணில்தான் 16 குரோமோசோம் உள்ள பாலினமுறைச் செடிகள் இருந்தன. அவற்றின் குரோமோசோம்களைக் கோல்கிசின் என்ற வேதிப்பொருளால் இரட்டிப்பாக்கி 32 ஆக்கி, நகல் செடியின் மகரந்தத்தோடு பிரெஞ்சு ஆய்வாளர் சாவிதான் கலந்தார். பிள்ளைகளில் சரிபாதி நகல் விதை வைத்தது, சரிபாதி வைக்கவில்லை. ஓங்கு பண்பு, ஒரே மரபணு என்றால் பாடப்புத்தகம் சொல்லும் அதே விகிதம்.

அதன்பிறகு பல புற்களில் இதே ஒன்றுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. அபோமிக்சிஸ் செடிகள் ஏன் ஏறக்குறைய எல்லாமே நான்மயம் (நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளவை) அல்லது அதற்கும் மேல் என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. அதை நோக்லர் என்ற ஆய்வாளர் புல்லில் பார்க்கவில்லை, ரனன்குலஸ் என்ற பூச்செடியில் பார்த்தார்: அந்தப் பண்பைச் சுமக்கும் துண்டு ஒற்றைத் தொகுதி குரோமோசோம் மட்டுமே உள்ள இனச்செல்லில் இருந்தால் அந்தச் செல் பிழைப்பதில்லை. இரண்டு தொகுதி இருந்து, பக்கத்தில் நல்ல பிரதி துணைக்கு நின்றால்தான் அது கரையேறும். இரண்டே தொகுதி உள்ள இருமயச் செடியின் இனச்செல்லில் அந்தத் துணைக்கு இடமில்லை.

ஆக, ஒரு மரபணு. அதைப் பிடித்து நெல்லில் போட்டால் முடிந்தது என்று நிறையப் பேர் நம்பினார்கள். நானும்தான்.

இப்போது அந்த ஓரத்து நாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிடுங்காமல் விட்டது மூன்றே மாதத்தில் மற்றவற்றைத் தாண்டி வளர்ந்தது. இலை அகலம் தந்தையின் சாயலில் இருந்தது. ஆனால் தாயின் குணமும் கொஞ்சமும் குறையாமல் இருந்தது. பாதிப் பாதி வந்த பிள்ளை மாதிரி இல்லை. வேர்நுனியைக் காலையில் வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி எண்ணினேன். முதல் செல்லில் 53 என்று வந்தது, அடுத்ததில் 54, அதற்கடுத்ததில் 54. இரண்டு குரோமோசோம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் ஒன்று குறைவாகத் தெரியும். பத்துச் செல் எண்ணி முடித்தபோது சந்தேகம் தீர்ந்தது. 54.

36உம் 18உம். கருவூணில் நடக்கும் அதே கூட்டல் இங்கே முட்டையிலேயே நடந்திருக்கிறது. அதாவது குன்றல் பகுப்பைத் தவிர்ப்பது என்ற முதல் காரியம் நடந்து முடிந்திருக்கிறது, முட்டையில் 36 இருந்தது. ஆனால் கருவுறாமலே கருவாவது என்ற இரண்டாவது காரியம் அந்த ஒரு சூலில் தவறிவிட்டது. ஆண் உட்கரு வரும்வரை முட்டை காத்திருந்து, சேர்த்துக்கொண்டுவிட்டது.

ஒரே மரபணு இரண்டையும் செய்தால் ஒன்று நடந்து ஒன்று தவறுவானேன்? இதற்கு மறுதலையும் உண்டு. குன்றிய முட்டை, கருவுறாமலே வளர்ந்து, பாதிக் குரோமோசோமோடு செடியாவது. இரண்டு வகைப் பிசகும் பல புற்களில் பதிவாகியிருக்கின்றன. பண்பு ஒன்று போலத் தெரிந்தது, அதன் துண்டுகள் பிரியாமல் சேர்ந்தே பயணம் செய்வதால். ஒரே பெட்டியில் பூட்டிய சாமான்களை ஒரே சாமான் என்று எண்ணிவிட்டோம். இந்தத் துறையில் பல பத்தாண்டுகள் அப்படித்தான் போயின என்பது என் அபிப்பிராயம்.

பெட்டியைக் கண்ணால் காட்டியது கம்பின் உறவுக்காரப் புல்லான பென்னிசெட்டம் ஸ்குவாமுலேட்டம். நகல் விதையோடு சேர்ந்தே கடத்தப்படும் டிஎன்ஏ அடையாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே இல்லை, பாலினமுறைச் செடிகளில் அதற்கு இணையான பகுதியே தென்படவில்லை என்று பெக்கி ஒசியாஸ்-ஏகின்ஸ் குழு 1998ல் காட்டியது. ஒரேயொரு குரோமோசோமில், ஜோடி இல்லாமல், தாவும் மரபணுக்கள் குப்பையாகக் குவிந்த, சுமார் 5 கோடி டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள பகுதி அது. பரிசோதனைக் கூடங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸின் மொத்த மரபுத்தொகுதியே 13 கோடி சொச்சம்தான். ஜோடி இல்லாததால் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வது, இல்லை. குறுக்கேற்றம் இல்லாததால் உள்ளே எது வேலை செய்கிறது, எது வெறும் பயணி என்று பிரித்தறியவும் முடியாது. மரபியலாளனின் கத்தி குறுக்கேற்றம்தான், அந்தக் கத்தி இங்கே இறங்காது.

அதே ஆராய்ச்சி வழி 2015ல் ஒரு சாமானை வெளியே எடுத்தது. பேபி பூம் என்ற மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. அதைப் பாலினமுறைக் கம்பில் செலுத்தியபோது, முட்டை மகரந்தத்துக்குக் காத்திராமல் கருவானது, தாயின் குரோமோசோம்களில் பாதி மட்டுமே கொண்ட பிள்ளைகள் பிறந்தன. குன்றல் பகுப்பு வழக்கம்போல நடந்தது, இரண்டாவது காரியம் மட்டும் வந்து சேர்ந்தது. என் 54 குரோமோசோம் நாற்றின் கண்ணாடிப் பிம்பம் என்றே சொல்லலாம்.

நான் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த செய்திக்கு. நெல்லில் இந்தக் குடும்பத்தின் ஒரு மரபணு சாதாரண விதையில் என்ன செய்கிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸில் வெங்கடேசன் சுந்தரேசன், இம்தியாஸ் கண்டே குழு பார்த்தது. கருவுற்ற முட்டையில் முதலில் விழிப்பது தந்தை வழி வந்த பிரதி. தாயின் பிரதி அப்போது தூங்குகிறது. அதாவது "இனி வளரலாம்" என்ற சேதியை மகரந்தம் கொண்டுவருகிறது. முட்டை காத்திருப்பதே அந்தச் சேதிக்காகத்தான். அபோமிக்சிஸ் புல் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. தகப்பன் கொண்டுவர வேண்டிய சேதியைத் தாய் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

முதல் காரியத்துக்கும் புல்லைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. குன்றல் பகுப்பின் மூன்று மரபணுக்களை ஒருசேர முடக்கினால் அது சாதாரணப் பகுப்பாக மாறிவிடும் என்று ரஃபேல் மெர்சியே குழு அராபிடாப்சிஸில் 2009லேயே காட்டியிருந்தது, நெல்லிலும் அது பலித்தது. இரண்டையும் சேர்த்து நகல் விதை வைக்கும் நெல் 2019ல் வந்தது. அதே சமயத்தில் சீனாவின் ஹாங்சௌவில் இன்னொரு குழு வேறு மரபணுவைத் தொட்டு, கலப்பின நெல்லிலேயே செய்துகாட்டியது. முதல் முயற்சிகளில் விதைகளில் ஒரு பகுதி மட்டுமே நகல். 2022ல் பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்களும் டேவிஸ் குழுவும் சேர்ந்து கலப்பின நெல் ஒன்றில் 95 சதவீதத்தைத் தாண்டினார்கள். கருவூண் கணக்கு அங்கே எப்படிச் சரியானது என்று தேடிப் பார்த்தேன். முடக்கிய மூன்று மரபணுக்களும் மகரந்தத்தையும் குன்றாமல் விடுகின்றன. தாய்ப் பங்கும் இரட்டிப்பு, தந்தைப் பங்கும் இரட்டிப்பு. விகிதம் பழையபடி இரண்டுக்கு ஒன்று. புல் துருவ உட்கருவில் ஒன்றைக் குறைத்துச் சமாளித்ததை, இவர்கள் மறுபக்கத்தைக் கூட்டிச் சமாளித்துவிட்டார்கள்.

இதில் பணம் எங்கே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கலப்பின விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறும், ஆகவே வருடா வருடம் விதை வாங்க வேண்டும். நகல் விதை வைத்தால் வாங்க வேண்டாம். இந்தத் தொழில்நுட்பம் ஒருசில கைகளில் பூட்டப்படக் கூடாது என்று 1998லேயே இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் பிரகடனம் வெளியிட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ஒரே நகல் எல்லை தெரியாமல் பரவுவது. பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களில் 1984ல் வெளியான மராண்டு என்ற ஒரே புல் ரகம், முழுக்க விதை வழி நகல், கண்ணுக்கெட்டும் தூரமெல்லாம் நிற்கிறது. நீர் தேங்கும் மண்ணில் அது கூட்டமாகச் சாவதும் அங்கே தெரிந்த நோய்க்கதை. எல்லாம் ஒரே நகல் என்பதால், ஒரு செடி தாங்காததை எந்தச் செடியும் தாங்காது.

அந்த ஓரத்து நாற்று அடுத்த பருவம் கதிர் வைத்தது. தாயின் கதிர் வெளிர் வைக்கோல் நிறம், இதன் முட்கள் லேசாகக் கருஞ்சிவப்பு ஓடியிருந்தன. சூலகங்களைத் தைலத்தில் ஊறவைத்துப் பார்த்தேன். நான்கு உட்கரு, எதிரடிச் செல் இல்லை. விதையையும் எடுத்து விதைத்தேன். 19 முளைத்தன. எல்லாம் தடித்த இலை, எல்லாம் கரும்பச்சை. வேர்நுனியில் 54, 54, 54. வழிகாட்டி அந்தப் பக்கமாக நடந்துபோனவர், தட்டைப் பார்த்து நின்றார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.